பூட்டுப் போட்ட டிரம்

பால் சொசைட்டியில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போதுதானா எல்லப்பன் அண்ணன் அதைக் கேட்க வேண்டும்? பாலை வாங்கி, மெஷினில் ஃபேட் பார்த்து எழுதுவது அவர் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ரெண்டு புள்ளி ஒம்போது. என்னா சுஜாதா, தண்ணி ஊத்துனியா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் பசு கெம்பியின் மடியிலிருந்து கறந்த கையோடு கொண்டுவந்த பால் அது.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள மூணரை வரலன்னா உன் பால எடுக்க மாட்டாங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

பாலை வேறு எங்காவது ஊற்றிக்கொள்ளலாம். ஊர் முன்னால் வாங்கின பட்டத்தை எங்கே ஊற்றுவது?

மாட்டு டாக்டரைக் கேட்டோம். மார்க்கெட்டில் சும்மா கிடைக்கிறதே என்று நான் தினமும் கோசு இலையாகவே போட்டுக்கொண்டிருந்தேன். "அதுல முக்காவாசி தண்ணிம்மா. நார்ச்சத்து வேணும். மாம்பழத் தோலும் ராகித்தாளும் கலந்து, காத்துப் புகாம மூடி வையுங்க. இருபத்தோரு நாள் கழிச்சுப் போடுங்க" என்றார் அவர். ஆக, தண்ணீர் ஊற்றியது கோசுதான்.

என் வீட்டுக்காரர் சிவராஜ் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து தோல் கொண்டுவந்து, ராகித்தாளை நறுக்கிக் கலந்து, நீல டிரம்மில் ஏறி மிதித்து மூடினார். கம்பெனிப் பழக்கம் விடுமா, டிரம்மின் மேல் தேதியும் எழுதினார்.

பத்தாம் நாள் திறந்தால் மேலெல்லாம் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

"மூடி நல்லாதான இருந்துச்சு. யாராச்சும் தொறந்தாங்களா?"

"யாரும் தொறக்கல. நான்தான் காலையில காலையில ஒருவாட்டி கிளறி வுட்டேன்."

"கிளறினியா?"

"மாங்காய ஊறப் போட்டுட்டுக் கிளறாம இருப்பாங்களா? ஊறுகா கெட்டுப் போவாதா?"

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்து அடங்கவில்லை. அது எருக்குழிக்குப் போனது. மறுநாள் இன்னொரு டிரம் நிரப்பி, சைக்கிள் பூட்டுப் போட்டு, சாவியை வேலைக்கே கொண்டுபோய்விட்டார். இருபத்தோரு நாளும் அந்த டிரம்மைக் கடக்கும்போதெல்லாம் என் கை அரித்தது.

திறந்த அன்று புளிப்பும் இனிப்புமாக வாசனை வந்தது. கெம்பி முதலில் மூக்கைச் சுளித்தாள். ஒரு வாய் தின்றாள். அப்புறம் கூடையோடு இழுத்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் அதே வரிசை, அதே மெஷின். எல்லப்பன் அண்ணன் எண்ணைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

"அன்னிக்குச் சொன்ன சத்தத்துல சொல்லுங்கண்ணா."

"மூணு புள்ளி எட்டு" என்று உரக்கச் சொன்னார். "சுஜாதா தண்ணி ஊத்தல. போதுமா?"

வரிசையே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கூட்டு மாடு ரெண்டு புள்ளி ஏழுதான்மா. நாங்களும் கோசுதான் போடறோம்."

பதிலுக்கு ஒரு கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சாயங்காலம் காலி டிரம்மைக் கழுவி அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டையும் கொடுத்தேன்.

"பூட்டு எதுக்கு?" என்றார்.

"சாவிய மட்டும் அண்ணி கையில குடுத்துறாதீங்க."