பழக்கூடைகளின் நட்பு

கீழ்வானம் வெளுத்து, கதிரவன் ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொட்டெழும் வேளையில், ஊரின் தென்கரையில் நெருங்கி நின்ற ஆலைகளின் புகைக்கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை கக்கத் தொடங்க, பதனிட்ட தோலின் வீச்சமும் காய்ச்சிய பசையின் காரமும் கைகோத்துக்கொண்டு தெருவெங்கும் உலவி, உறங்குவோர் மூக்கில் நுழைந்து அவர்களைத் தட்டி எழுப்பும். அத்தெருவில் சேவலுக்கு வேலையில்லை. கையில் உணவுப் பொதியும் கண்ணில் மீந்த தூக்கமுமாய் ஆடவரும் பெண்டிரும் சாரை சாரையாய் வந்து, உயர்ந்த இரும்புக் கதவுகளுக்குள் புகுந்து மறைவர். அவர்கள் செய்த காலணிகளை மாட்டிக்கொண்டு உலகம் எங்கெங்கோ நடக்கும். அவர்களோ இருந்த இடத்திலேயே இருப்பர். நூல் பயிலும் நண்பரே, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் எம்முடன் உள்ளே வருக. தோலின் நாற்றம் நாலு நாளில் பழகிப்போகும். யாம் சொல்லப்போகும் நாற்றம் வேறு.

அத்தெருவின் மிகப் பெரிய காலணி ஆலைக்கு உரியவர், வாயைத் திறந்தால் இனிப்பையன்றி வேறொன்றும் சிந்தாதவர். ஆகவே அவர் முதுகுக்குப் பின்னால் தொழிலாளர் அவருக்கு வெல்லக்கட்டி என்று பெயரிட்டிருந்தனர். முகத்துக்கு நேரே அழைக்கவோ அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். புதிதாய் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், அவர் தோளில் கை போட்டு, கண்ணில் ஈரம் கசிய, "முதலாளின்னு கூப்பிடாதீங்க, அது என்னமோ அந்நியமா இருக்கு. அப்பான்னு கூப்பிடுங்க" என்பார். தோல் வெட்டும் கிழவர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் பொக்கை வாய் நிறைய அப்பா என்று அழைத்துத்தான் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஓய்வு நாள்களில் பெரும்பாலும் ஆலையில் உறவுத் திருநாள் என்றொன்று நடக்கும். பிற ஆலைகளின் உரிமையாளரும், தோல் விற்போரும், பெருங்கடைக்காரரும் விருந்தாளிகளாய் வந்து நீண்ட மேசைகளைச் சூழ்ந்து உண்பர். அவர்கள் உண்பதைக் காணும் பேற்றைப் பெறுவதற்காகத் தொழிலாளர் குளித்துத் தலைவாரி, வெளுத்த ஆடை உடுத்து, சுவரோரமாய் நின்று உரிய இடங்களில் கைதட்டுவர். வராதவரை வெல்லக்கட்டி வைவதில்லை, மறுநாள் அவர் அருகில் போய் நின்று, "அப்பா மேல என்னம்மா கோபம்?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். அதைக் கேட்பதற்கு வசவே மேல் என்று எல்லாரும் வந்துவிடுவர். விருந்து முற்றிய வேளையில் விருந்தாளி எவரேனும், "எங்ககிட்ட ஆளே நிக்க மாட்டேங்குது, உங்ககிட்ட மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்பது வழக்கம். "எல்லாம் பாசந்தான்" என்று அவர் நெஞ்சில் கை வைப்பதும் வழக்கம். சுவரோரத்தில் நின்றவர்களுக்குக் கால் கடுக்கும்.

பாசத்துக்குச் சான்றாக இன்னொன்றும் உண்டு. அவ்வப்போது காலைவேளையில் ஏதோ ஓர் ஆலையிலிருந்து பழக்கூடை ஒன்று, நாடா கட்டி, மினுங்கும் தாள் சுற்றி வந்து சேரும். வெல்லக்கட்டி அதைத் தம் அறையில் வைத்துக்கொள்வாரல்லர். தேநீர் இடைவேளையில் தாமே தூக்கி வந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பழமாய் வைப்பார். "எனக்கு வந்தா உங்களுக்கு வந்த மாதிரி" என்பார். உண்மையிலேயே அது அவர்களுக்கு வந்ததுதான் என்பதை அன்று ஒருவரும் அறியார்.

அவ்வாலையில் காலணியின் மேல்தோலைத் தைப்பவள் ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் கப்பலில் வேலை செய்பவன். எப்போது வருவான் என்று கடலுக்கே தெரியாது. விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் வேலையில் கைக்குழந்தையை எங்கே கிடத்துவது? ஆற்றுக்கு வடகரையில் இருந்த தன் நாத்தனாரிடம் மகளை விட்டு வைத்தாள். பாலங்கடந்து போய்வர அரைநாள் ஆகும். ஓய்வு நாள்தோறும் போய்விடலாம் என்றே அவள் எண்ணியிருந்தாள். ஓய்வு நாள்களை உறவுத் திருநாள்கள் விழுங்கிவிட்டன. பல் முளைத்ததையும், நடை பழகியதையும், முதற்சொல் பேசியதையும் நாத்தனார் வாயால் கேட்டே அறிந்தாள். இப்போது குழந்தைக்கு நான்கு வயது. வடகரை ஆலை ஏதாவதொன்றில் வேலை கிடைத்தால் நாத்தனார் வீட்டிலேயே தங்கி, இரவிலாவது மகளை அணைத்துக்கொண்டு படுக்கலாம். இன்னும் காலம் கடந்தால் மகள் தனக்கு இல்லாமற் போய்விடுவாள் என்னும் அச்சம் அவளை உறங்கவிடவில்லை.

முதலில் அவள் மறைக்கவில்லை. நேரே வெல்லக்கட்டியிடமே போய்ச் சொன்னாள்.

"அப்பா, நான் அக்கரையில வேலை பாக்கலாம்னு இருக்கேன். பொண்ணு என் முகத்தையே மறந்துடுவா போலிருக்கு."

அவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "போறதுன்னா போம்மா. பெத்தவன் பொண்ணைத் தடுப்பானா? உனக்கு எங்க நல்லதோ அங்க இரு. வேலை கிடைக்காட்டி இந்த வீடு எப்பவும் திறந்துதான் இருக்கும்."

அவர் கண்ணில் நீர் திரண்டது. அதைக் கண்டு அவளும் அழுதுவிட்டாள். அந்த அழுகையை நினைத்தால் எமக்கு இன்றும் உடல் கூசுகிறது.

வடகரையில் மூன்று காலணி ஆலைகள் இருந்தன. முதல் ஆலையின் மீசைக்காரர் அவளைத் தைக்கச் சொல்லி, தையலைத் தடவிப் பார்த்து, நாளைக்கே வந்துவிடு என்றார். எந்த ஆலையிலிருந்து வருகிறாய் என்று பிறகுதான் கேட்டார். கேட்டபின் மீசையை நீவிக்கொண்டு, இடமிருந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றார். சொல்லியனுப்பவே இல்லை. இரண்டாம் ஆலையிலும் அதே கதை. தன் கையில்தான் ஏதோ குறை என்று அவள் நம்பத் தொடங்கினாள். இரவெல்லாம் துண்டுத் தோலில் தைத்துத் தைத்துப் பார்த்தாள். இதற்கிடையே ஓராண்டு ஓடிப்போயிற்று. குழந்தைக்கு ஐந்து வயதாயிற்று.

மூன்றாம் ஆலைக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் போனாள். வாயிலில் தையலாட்கள் தேவை என்று பலகை தொங்கியது. அவ்வாலையின் உரிமையாளரான கண்ணாடிக்காரர் அவளை நாற்காலியில் அமரச் சொல்லி, குடிக்க நீர் தந்து, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னாள். அவர் புன்னகைத்து, பக்கத்து அறையிலிருந்த பணியாளைக் கூப்பிட்டு, "அங்க ஒரு கூடை அனுப்பணும், நல்லதா கட்டு" என்றார். பணியாளும் அவள் எதிரிலேயே மேசைமேல் கூடையை வைத்து, பேரிக்காய்களை அடுக்கி, ஊதா நாடாவால் முடிச்சுப் போட்டான். ஏதோ மணவீட்டுக்குப் போகிறது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இப்ப ஆளு எடுக்கலையேம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"வெளியில பலகை தொங்குதே ஐயா?"

"அது பழைய பலகை. கழட்ட மறந்துட்டாங்க."

ஆண்டுக்கணக்காய்ச் செய்துவரும் இழிசெயல் கைப்பழக்கமாகிவிட்டால், மறைக்க வேண்டும் என்னும் நினைவுகூட மனிதருக்கு அற்றுப்போகிறது. எதிரில் இருப்பவள் நாற்காலியைப் போல் ஒரு பொருள் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். நாற்காலிக்கு முன்னால் யார் எதை மறைப்பார்?

மறுநாட்காலை, தேநீர் இடைவேளையில், வெல்லக்கட்டி கூடையொன்றைச் சுமந்து வந்தார். அதன் பிடியில் ஊதா நாடா கட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பேரிக்காய் வைத்துக்கொண்டே வந்தவர், இருந்ததிலேயே பெரியதைத் தேர்ந்து, தைப்பவளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தம் விரல்களால் மடக்கினார்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உனக்குப் பெருசு."

அவள் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"இது யார் அனுப்பினது?"

"யாரா இருந்தா என்னம்மா, நம்ம மேல பாசம் உள்ளவங்க. சாப்பிடு."

"அக்கரை கண்ணாடிக்காரர்தானே? நேத்து நான் அங்க வேலை கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். நான் எந்த ஆலைன்னு சொன்னதும் கூடை கட்டச் சொன்னாரு. என் கண்ணு முன்னாடிதான் இந்த முடிச்சைப் போட்டாங்க."

மெல்லும் ஒலி நின்றது. தோல் வெட்டும் கிழவர், வாயில் கடித்த துண்டுடன், எதையோ தேடுபவர்போல் கூரையைப் பார்த்தார். "போன மழைக்கு முன்னால நானும் மீசைக்காரர்கிட்ட போனேன். உட்கார்ந்து செய்யற வேலை குடுங்கன்னு கேட்டேன். மறுநாள் ஆரஞ்சு வந்துச்சு. எனக்குத்தான் பெருசு குடுத்தாரு."

"நான் போனப்ப திராட்சை" என்றான் பசை காய்ச்சுபவன். "கொத்தோட குடுத்தாரு. வீட்டுக்குக் கொண்டுபோய் புள்ளைங்களுக்குக் குடுத்தேன்."

நண்பரே, இனி விளக்க என்ன இருக்கிறது? அந்த விருந்து மேசைகளின் மேல் வளர்ந்த வணிக நட்பு இதுதான். உன் ஆளை நான் எடுக்கமாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே என்று இருகரை உரிமையாளரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தனர். ஓடிவந்த ஆளைத் திருப்பிவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கூடை அனுப்பும் முறையை ஏற்படுத்திக்கொண்டதும் அவர்களே. ஆனால் வந்த பழத்தை அந்த ஆளின் கையிலேயே வைத்து, அவர் தின்பதைப் பார்த்து நிற்பது மட்டும் வெல்லக்கட்டியின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒருவருக்குக் கதவு அடைபட்ட நாளில் மற்றவரெல்லாம் இனிப்புத் தின்றிருக்கின்றனர். தம் கதவு அடைபட்ட நாளில் தாமும் தின்று, நன்றியும் சொல்லியிருக்கின்றனர். கிழவர் வாயிலிருந்ததைத் துப்பினார். அடித்தோல் ஒட்டும் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கழிநீர் வாய்க்காலுக்கு ஓடினாள். அவள் குமட்டும் ஓசை கூடமெங்கும் கேட்டது.

வெல்லக்கட்டியின் முகம் சிவக்கும் என்றோ தலை தாழும் என்றோ எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களையெல்லாம் இழந்துடக் கூடாதுன்னுதானே செஞ்சேன். வெளிய போனா உங்களை யாரு இப்படிப் பாத்துப்பாங்க? அப்பா செஞ்சா நல்லதுக்குத்தான் இருக்கும்னு ஏன் தோணலை?"

"என் பொண்ணு அஞ்சு வயசு வரைக்கும் நான் இல்லாம வளந்திருக்கா" என்றாள் அவள். "அது எந்த நல்லதுக்கு?"

"எல்லா வீட்லயும் கஷ்டம் இருக்கும்மா. சரி, பழம் வேண்டாம்னா கொண்டா. வீணாக்கக் கூடாது."

என்று அவள் கையிலிருந்த பேரிக்காயை வாங்கி, எல்லாரும் பார்த்திருக்க, வாய் நிறையக் கடித்தார். சாறு மோவாயில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவர் அமைதியாக மென்று, விதையை உள்ளங்கையில் உமிழ்ந்து, இடைவேளை முடிந்தது என்று மணியை அடிக்கச் சொன்னார். மணி அடித்தது. கூடத்திலிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தத்தம் இருக்கைக்குத் திரும்பினர். அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது, வீட்டில் வயிறுகள் இருந்தன, போவதற்கு வேறு வாயிலும் இல்லை.

அவள் மட்டும் திரும்பவில்லை. ஊசியையும் விரலுறையையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். இருகரையிலும் எந்தக் காலணி ஆலையும் அவளை ஏற்காது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வடகரை உணவுக்கடை ஒன்றில் ஏனம் கழுவும் வேலைக்கு வருவதாக அன்றே சொல்லிவிட்டு, நாத்தனார் வீட்டை அடைந்தாள். அத்துணை நயமாய் ஓடிய ஊசிக்கை அதன்பின் ஒருநாளும் தோலைத் தொடவில்லை. வெல்லக்கட்டிக்கோ ஒரு குறையும் வரவில்லை. கூடை அனுப்பும் வழக்கம் நின்று, இப்போது கைபேசியில் ஒரு சொல் போகிறது; அவ்வளவே வேறுபாடு. அவ்வாண்டே அவரை வணிகர் கழகத்துக்குத் தலைவராக்கினர். ஆட்களைப் பிரியாமல் வைத்திருப்பது எவ்வாறு என்னும் பொருள்பற்றி அவர் மேடையேறிப் பேசினார். மீசைக்காரரும் கண்ணாடிக்காரரும் முன்வரிசையிலிருந்து கைதட்டினர்.

அவள் பாலங்கடந்த அந்த மாலையில் நிகழ்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். நாத்தனார் நல்லவள், கதவைத் திறந்தவள் அவள் முகத்தைப் பார்த்ததுமே கையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா? இனிமே அங்க போகமாட்டியே?"

"போகமாட்டேன் அண்ணி."

"பாருடி கண்ணு, யாரு வந்திருக்காங்கன்னு. அம்மா பக்கத்துல போய் உட்காரு."

குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டது. நல்ல பிள்ளையாக வளர்ந்திருந்தது. வந்து, சற்று இடைவெளி விட்டு, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அத்தை கற்றுக்கொடுத்திருந்தாளோ அப்படியே பேசியது.

"நல்லா இருக்கீங்களா? எப்பக் கிளம்புவீங்க?"

கிளம்பமாட்டேன் என்று அவள் சொன்னாள். குழந்தை மரியாதைக்குத் தலையசைத்தது. முன்பு வந்தபோதும் அவள் இதையே சொல்லியிருந்ததனால் நம்பவில்லை. இருட்டியதும் எழுந்துபோய் அத்தையின் பாயில் படுத்து உறங்கிவிட்டது.

ஆட்களை நிறுத்தி வைக்கும் கலை என்று மேடைதோறும் புகழப்படுவது, ஒரு தாயைத் தன் குழந்தைக்கு விருந்தாளியாக்கிய கலை. அக்கலையில் வல்லோர் நோயின்றி, நட்புச் சூழ, நீடு வாழ்கின்றனர். அவர்மேல் சினங்கொள்ள யாமும் முயன்று பார்த்தோம், நண்பரே. சினத்துக்கும் எதிரில் ஒரு மனிதன் வேண்டுமே. எமக்குக் குமட்டல் மட்டுமே எழுகிறது.