சேலம் பாசஞ்சர் ஊமையான கதை

2003 பிப்ரவரியில், வெங்காயம் கிலோ எட்டு ரூபாய்க்கு விற்ற ஒரு திங்கட்கிழமை காலையில், சேலம் பாசஞ்சரை இழுக்கும் டீசல் என்ஜினின் சத்தம் முழுவதும் என்ஜினை விட்டு நீங்கி, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆண்டனி வீட்டு மாடியறைக்குக் குடி வந்துவிட்டது. என்ஜினுக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. புகை விட்டது, பெட்டிகளை இழுத்தது, பிரேக் போட்டால் நின்றது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பயணிகள் திரும்பியபோது, ரயில் வந்து, நின்று, புறப்பட்டும் போயிருந்தது. அதே நேரத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெருநாய்கள் எல்லாம் ஒரே வரிசையாகக் கிழக்கே ஓடின. பக்கத்து வீட்டு ஃபாத்திமா மாவுக் கையோடு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "லூர்தக்கா, உங்க மாடில ரயிலு கீதா?" என்று கேட்டாள். "வாடகைக்கு வுட்டேன், உள்ள என்னா வச்சிக்கிறான்னு எனக்கென்னா தெரியும்?" என்றாள் ஆண்டனியின் மனைவி லூர்துமேரி.

மாடியில் குடியிருந்தவன் ஹரிஷ்குமார். சொந்த ஊர் கரூர், வேலை வைட்ஃபீல்டில், மதிய ஷிஃப்ட். கம்பெனி அவனை ஆறு மாதம் அமெரிக்கா அனுப்பியபோது மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வாங்கி வந்தார்கள். அவன் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டீசல் என்ஜினும், அதற்கு ஒரு சவுண்ட் டிகோடரும் வாங்கி வந்தான். டிகோடர் என்பது நகத்தளவு மின்பலகை. உண்மை என்ஜினில் பதிவு செய்த உறுமலையும் ஹாரனையும் பொம்மைக்குள்ளிருந்து ஒலிக்க வைக்கும். ஆனால் இவ்வளவு சின்ன என்ஜினுக்குள் அதை வைக்க இடம் கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் ஈயமும் மோட்டாரும். ஹரிஷ்குமார் ஈயத்தை அரத்தால் ராவினான், போதவில்லை. கடைசியில் மோட்டாரையே கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குழியில் நாலணா அளவு ஸ்பீக்கரை, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பெட்டி கட்டி உட்கார வைத்தான். இனி அந்த என்ஜின் நகராது. நின்ற இடத்தில் சத்தம் மட்டும் போடும்.

அடுத்தது எண் எழுதும் வேலை. என்ஜினின் நெற்றியில் என்ன எண் இருக்கிறதோ அதையே டிகோடருக்கும் எழுதுவது பொம்மை ரயில் பொழுதுபோக்குக்காரர்களின் பழக்கம். ஹரிஷ்குமாருக்கு பெங்களூரில் ஒரே ஒரு என்ஜினின் எண்தான் தெரியும்: வீட்டுக்காரர் ஆண்டனி ஓட்டும் என்ஜின், ஒருமுறை ஸ்டேஷனில் அவரே விரல் நீட்டிக் காட்டியது. குளிரில் ஸ்டார்ட் ஆகாத கிழட்டு என்ஜின் என்பதால் வேறு டிரைவர்கள் அதை ஒதுக்கினார்கள். அது பெரும்பாலும் ஆண்டனிக்கே வாய்த்தது. அந்த எண்ணைப் பொம்மையின் நெற்றியில் தீட்டி, டிகோடரிலும் எழுதினான். எண் எழுதுவதற்கென்று தனியாக ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிரதான தண்டவாளத்தில் வைத்து எழுதினால், அதில் நிற்கிற எல்லா என்ஜின்களும் அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும். தன்னிடம் இருப்பது ஒரே என்ஜின்தானே என்று அந்தத் திங்கட்கிழமை காலை அவன் பிரதான தண்டவாளத்திலேயே எழுதினான். பிரதான தண்டவாளம் எதுவரைக்கும் போகிறது என்று அவன் யோசிக்கவில்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அன்று முழுவதும் அவன் தலையைப் பிய்த்துக்கொண்டான். வால்யூமைப் பூஜ்ஜியமாக்கினான்; உறுமல் குறையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான், அப்போதும் குறையவில்லை. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அறையில் புதிதாக எதுவும் கேட்கவில்லை. சத்தம் தானாகக் கூடியது, தணிந்தது, சில நேரம் சும்மா உறுமிக்கொண்டு நின்றது. ரயில்வே கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது நின்ற நேரமெல்லாம் ஓசூரும் தர்மபுரியுமாக இருந்தது. வெளியே நல்ல வெயில். பொம்மைக்குள் மட்டும் தகரக் கூரையில் மழை கொட்டியது. மாலையில் சேலத்துக்கு போன் போட்டு விசாரித்தான். அங்கே மழையாம். பிறகு உறுமலுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. கேட்டதும் அவன் படி இறங்கி ஓடி, "ஆன்ட்டி, கொஞ்சம் மேல வாங்க, எனக்கு ஒண்ணுமே புரியலைங்க" என்றான். மேலே வந்த லூர்துமேரி பொம்மைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது ஆண்டனியின் குரல். அது நாலு வார்த்தை சேர்த்துப் பேசி அவள் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆண்டனி வீட்டில் மூன்றே சொற்கள் பேசுவார்: சாப்பாடு, துணி, கதவு. முன்பு அப்படி இல்லை. டீசல் என்ஜினுக்குள் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். அப்படிக் கத்திக் கத்தி அவர் தொண்டை அந்த அளவிலேயே இறுகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் நகரம் பற்றி எரிந்தபோது, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வீட்டில் அவர் தமிழில் ஏதோ சொல்லப்போக, லூர்துமேரி அவர் வாயைக் கையால் பொத்தி, "சத்தம் போடாதீங்க, நம்ம பேச்சு வெளிய கேக்கும்" என்றாள். அவருக்குச் சத்தமில்லாமல் பேசத் தெரியாது. அதனால் பேசுவதையே விட்டுவிட்டார். கலவரம் அடங்கியது, ஊர் பழையபடி ஆனது, பக்கத்துக் கன்னடக்காரர்கள் பேரக்குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்கு வந்து அழைத்தார்கள். ஆண்டனி மட்டும் பேச்சுக்குத் திரும்பவில்லை.

இப்போது பொம்மைக்குள்ளிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் அவளிடம். "லூர்து, தர்மபுரி தாண்டியாச்சி. மழ புடிச்சிக்கிச்சி. காலைல நீ வெச்ச சாம்பார்ல உப்பே இல்ல. சொல்லுவேன்னு பாத்தியா? சொல்லல." பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் போலிருக்கிறது. என்ஜின் இரைச்சலில் தன் பேச்சு யார் காதிலும் விழாது என்று நம்பி, சேலம் போய் வரும் வழி முழுக்க மனைவியிடம் பேசித் தீர்த்திருக்கிறார். இரைச்சல் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. என்ஜினுக்குள் எழும் எந்தச் சத்தமும் இப்போது அங்கே கேட்கவில்லை, உதவி டிரைவருக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. லூர்துமேரி மறுநாள் முதல் கீரையும் கத்தியுமாக மாடியில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய தம்பியைத் திட்டினால் இவளும் திருப்பித் திட்டினாள். ஹரிஷ்குமாருக்கு எது பொம்மை, எது என்ஜின், யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பதே குழம்பிப்போயிற்று. "ஒரு நிமிஷ வேலைங்க ஆன்ட்டி. தனித் தண்டவாளத்துல வச்சி நம்பர மாத்திட்டா சத்தம் என்ஜினுக்கே போயிடும்" என்றான்.

"இவரு குரலு?"

"அதுவும் போயிடும்ங்க."

"அப்ப கை வெக்காத. வெச்சியானா இந்த மாசமே ரூம காலி பண்ணு."

மூன்றாவது வாரம், ஓசூருக்கு முன்னால் ஆளில்லாத ஒரு கேட்டில், பள்ளிக்கூட வேன் ஒன்று தண்டவாளத்தைக் கடந்தது. டிரைவர் இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். ஆண்டனி ஹாரன் கயிற்றைத் தொங்காத குறையாக இழுத்தார். காற்று போனது, சத்தம் வரவில்லை. வேனின் பின்பக்க பம்பர் மட்டும் என்ஜினோடு போனது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடியில் லூர்துமேரி கேட்டது ஹாரனின் ஒரு அலறல், பிறகு தடக்கென்று ஒரு மோதல், பிறகு வெகுநேரம் அவர் அழுதது. ஹாரன் ஊதவில்லை என்று ஆண்டனி மீது விசாரணை வந்தது. "ஊதினேன்" என்ற ஒரு சொல்லை அவர் சொன்னார். நம்ப ஆள் இல்லை. மெக்கானிக்குகள் புது ஹாரன் மாட்டினார்கள், அதுவும் ஊமை. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வெங்கடகிருஷ்ணன் கூடவே ஏறி வருவார், வழியில் ஒரு கேட்டில் ஹாரன் கேட்காவிட்டாலும் ஆண்டனி இனி என்ஜினில் ஏறக் கூடாது, ஆபீஸ் நாற்காலிதான் என்று முடிவாயிற்று.

வியாழன் மாலை லூர்துமேரி மாடியேறி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாத்திடு ஹரிஷு" என்றாள். ஹரிஷ்குமார் பொம்மையைத் தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். மேஜை முனகியதே தவிர என்ஜின் அசையவில்லை. போன மாதம் வரை தபால் உறைக்குள் போட்டு அனுப்பக்கூடிய எடைதான் அதற்கு. மூச்சு வாங்க அவன் பின்னால் சாய்ந்தபோது முழங்கை ரிமோட்டில் பட்டது. அறையில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, கன்டோன்மென்ட் பக்கமிருந்து, பாஆஆ என்று ஒரு ஹாரன் எழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிளக் பிடுங்கியபடியே கிடந்தது. அவன் அதே பொத்தானை மறுபடி அழுத்தினான். மறுபடி ஊதியது. மூன்றாம் முறை ஊதியபோது, யார்டில் நிறுத்தியிருந்த ஆளில்லாத என்ஜினைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

"குடு அத" என்று லூர்துமேரி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

தவக்காலத்து வெள்ளி. ஒருசந்தி விரதத்தோடு அவள் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஹரிஷ்குமார் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, ரயில்வே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். வரைபடம் தேவைப்படவில்லை. "லூர்து, கேட் வருது" என்றார் ஆண்டனி, வழக்கம்போலத் தனக்குத்தானே. அவள் அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை. கேட் தாண்டி, அதற்கடுத்த ஊரும் தாண்டும்வரை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து அழுத்தினாள். ஒரு கேட்டையும் விடவில்லை. மாடு மேய்த்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சேலம் வரும்போது இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார். கேபினில் அது யாருக்கும் கேட்கவில்லை, மாடியில் கேட்டது. "ஹாரன் நல்லாத்தான்யா இருக்கு. ஆனா என்னமோ கோவமா இருக்கு."

இருபத்தைந்து வருஷம் ஹாரன் இழுத்த கைக்குத் தெரியாதா? ஆண்டனி கயிற்றைத் தொடுவதற்கு முன்பே ஹாரன் ஊதியிருந்தது. இன்ஸ்பெக்டர் சேலத்தில் இறங்கிக்கொள்ள, திரும்பி வரும் வழியில் அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "லூர்து, கேட் வருது" என்றார். ஊதியது. கொஞ்ச தூரம் போய், "சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். காது கிழிய ஊதியது. அதற்குப் பிறகு இரண்டு ஸ்டேஷன் வரை பொம்மைக்குள்ளிருந்து பேச்சே வரவில்லை. லூர்துமேரி ரிமோட்டை மடியில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு, அவரால் முடிந்த அளவுக்குத் தணிந்த குரலில், "லூர்து?" என்றார். அவள் பொத்தானை லேசாகத் தொட்டாள். ஒரே ஒரு குட்டி ஹாரன். வீட்டுக்கு வந்து, குளித்து, உட்கார்ந்து, "சாப்பாடு" என்றார். அவள் தட்டுக்குப் பக்கத்தில் உப்புச் சாடியைக் கொண்டு வந்து வைத்தாள்.

அப்புறம் எல்லாம் வழக்கமாகிவிட்டது. காலையில் சமையலை முடித்துவிட்டு லூர்துமேரி மாடியேறுவாள். ராத்திரிக்கு மீனா முட்டையா என்று அவர் தர்மபுரியிலிருந்து கேட்டால் மீனுக்கு ஒரு ஹாரன், முட்டைக்கு இரண்டு. உறுமாமல் வரும் ரயிலுக்கு நேரம் பார்த்துத் திரும்பி நிற்கப் பயணிகள் பழகிக்கொண்டார்கள். லூர்துமேரிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் ஃபாத்திமா உட்கார்ந்து ஊதினாள். 2005இல் ஹரிஷ்குமார் கல்யாணமாகி வைட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிப் போனான். பொம்மையைத் தூக்க முடியாததால் விட்டுவிட்டுப் போனான். இது எப்படி என்று மட்டும் தனக்குக் கடைசிவரை புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். மாடியை அதற்குப் பிறகு வாடகைக்கு விடவில்லை.

2007இல் ஆண்டனி ஓய்வு பெற்றார். என்ஜின் கே.ஜி.எஃப்.காரர் கோவிந்தன் கைக்குப் போயிற்று. "லூர்தக்கா, கேட்டு வருது" என்று சொல்ல வேண்டும் என்பதை ஆண்டனி அவருக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓய்வுபெற்ற மறுநாள் ஆண்டனி முதல்முறையாக மாடியேறி, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அறை முழுக்க டீசல் இரைச்சல். எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒரு சொல் பிரித்துக் கேட்காது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இப்பிடியா ஊதுவாங்க? இன்னும் கொஞ்சம் இழு!" என்று கத்தினார். "இத்தன வருஷம் ஊதினவளுக்குத் தெரியாதா? போங்க!" என்று அவளும் கத்தினாள். அன்றிலிருந்து, சேலம் பாசஞ்சர் ஓடும் நேரமெல்லாம் இருவரும் மாடியில்தான்.

2009இல் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வித்யாலட்சுமி, கண்ணாடிகள் அதிர்வதைக் கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், உறுமலுக்குள் இரண்டு குரல்கள் உயர்வதைக் கேட்டுப் பயந்துபோய், "அந்த மாடியில யாருங்க இப்படி சண்டை போடுறாங்க?" என்று ஃபாத்திமாவிடம் விசாரித்தாள். ஃபாத்திமா துணி உலர்த்துவதை நிறுத்தாமல், ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டாள்.

"சண்ட இல்லம்மா. ஓசூர் தாண்டுறாங்க."