கழிக்க மறந்த பத்து

இப்போதெல்லாம் கை தட்டுவதற்கு ஜனங்களுக்குக் காரணமே வேண்டியதில்லை. பிள்ளை மேடையில் ஏறினால் தட்டுகிறார்கள், இறங்கினால் தட்டுகிறார்கள், நடுவில் தும்மினாலும் தட்டுவார்கள் போலிருக்கிறது. அத்தனை பேர் கையிலும் போன் வேறு. பிள்ளையைப் பார்க்க வந்தவன் பிள்ளையைப் பார்ப்பதில்லை, போனுக்குள் பிள்ளை தெரிகிறதா என்று பார்க்கிறான். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போட்டவன். நல்ல தரையைப் பார்த்து யாரும் கை தட்டியதில்லை. மேலே நடப்பார்கள், அவ்வளவுதான்.

குளிர் விட்டு மரமெல்லாம் துளிர்த்திருந்த நேரம். பள்ளிக்கூடங்களுக்கு அப்போதுதான் பைத்தியம் பிடிக்கும். நாடகம், விளையாட்டு, பரிசு, எல்லாவற்றையும் சனி ஞாயிறு இரண்டே நாளில் திணித்துவிடுவார்கள். மருமகன் மணிவாரியாக ஒரு தாளில் எழுதிக் காரின் முன்னால் ஒட்டியிருந்தார். சனி ஒன்பது மணிக்குப் பேரனின் நாடகம். பதினொன்றுக்குப் பேத்தியின் நீளம் தாண்டுதல். ஞாயிறு மூன்று மணிக்குப் பரிசளிப்பு. மகள் பின் சீட்டில் உட்கார்ந்து பேரனின் வேஷத்துக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டே வந்தாள். அவன் மேகம். வசனம் கிடையாது. மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு தடவை நடந்தான், பாதியில் நின்று அம்மாவுக்குக் கையாட்டினான். கூரை இடிந்து விழுகிற மாதிரி தட்டினார்கள்.

"நீங்களும் தட்டுங்களேன் மாமா," என்றார் மருமகன்.

"மழை பெய்யட்டும், தட்டுறேன்."

அங்கிருந்து அரக்கப்பரக்க மைதானத்துக்கு ஓடினோம்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப் இருக்கும். வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது, இருந்தும் அது இல்லாமல் வெளியே போனால் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருக்கும். அதன் முனையில் பத்து சென்டிமீட்டர் என்றைக்கோ ஒடிந்துபோயிற்று. நான் புதிது வாங்கவில்லை. பத்து என்று போட்ட கோட்டைச் சுவரோரம் வைத்து ஒரு கல்லால் அமுக்குவேன். மறு முனைக்குப் போய்ப் படிப்பேன், படித்த வாயோடு பத்தைக் கழிப்பேன். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதில்லை. யாரையும் நம்பிப் பழக்கமில்லை எனக்கு. பிடிப்பதும் நான், படிப்பதும் நான், கழிப்பதும் நான்.

நீளம் தாண்டுவதில் கடைசியாகக் குதித்தவள் என் பேத்தி. அவளுக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவரின் மகள் மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு தாண்டியிருந்தாள். அந்த மனிதர் டியூட்டிச் சட்டையோடு வேலிப் பக்கம் நின்று, விளையாட்டு டீச்சரிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததை நான் பார்த்திருந்தேன். பேத்தி குதித்தாள். டீச்சர் துணி டேப்பைப் போட்டு அளந்துவிட்டு, "மூணு முப்பத்தெட்டு, ரெண்டாவது இடம்," என்றாள்.

நாலு சென்டிமீட்டர். எனக்குச் சுருக்கென்றது.

"டீச்சர், அது துணி டேப். இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்."

"எல்லாருக்கும் இதே டேப்தான் ஐயா."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இழுத்தீங்களா? டிரைவரோட சிரிச்சுப் பேசிட்டு வந்து எவ்வளவு இழுத்தீங்க?"

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, மானத்தை வாங்காதப்பா." பேத்தி கால் முழுக்க மணலோடு நின்று, "தாத்தா, வேணாம்," என்றாள். அதற்குள் நாலைந்து போன்கள் என் பக்கம் திரும்பிவிட்டன. டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. சின்ன வயசுப் பெண். நான் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து நீட்டியதும் சொன்னாள்:

"சரி, உங்க டேப்பாலயே அளந்துடலாம். தடம் இன்னும் அப்படியே இருக்கு."

நான், கால் ஊன்றித் தாவுகிற பலகையோரம் மண்டியிட்டு, பத்தாவது கோட்டில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். டீச்சர் மறு முனையை மணலில் குதிகால் பட்ட இடம் வரை இழுத்துக்கொண்டு போய்க் குனிந்து, எல்லோர் காதிலும் விழும்படி படித்தாள்.

"மூணு... நாப்பத்தெட்டு."

உடனே கை தட்டல். படிக்கிற வாயில்தான் எனக்குப் பத்து கழியும். அன்று படித்தது வேறு வாய். வேறு ஒருவர் சொல்லிவிட்ட எண் முடிந்துபோன எண் மாதிரி என் காதில் விழுந்தது. நான் எழுந்து, "பாத்தீங்களா!" என்று கத்தினேன். கத்தியதோடு விட்டேனா, டேப்பைத் தலைக்கு மேலே தூக்கியும் காட்டினேன்.

டிரைவர் மகளின் தடத்தை அப்போதே வாரி மூடியிருந்தார்கள். மறுபடி அளக்க அங்கே ஒன்றுமில்லை. அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "வா கண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

காரில் பேத்தி மெதுவாகச் சொன்னாள். "தாத்தா, நான் ஒரு நாள்கூட மூணு நாப்பதைத் தாண்டினதே இல்ல."

"அங்கயும் துணி டேப்தானே?"

அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை மகள், கோப்பை வைக்க ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னாள். நான் சுவரில் டேப்பை வைத்தேன். "அறுபத்தஞ்சு, பத்து போனா அம்பத்தஞ்சு," என்று என் வாய் தன்னால் சொல்லிற்று. பென்சில் சுவரிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டில் பத்து போனால் முப்பத்தெட்டு. டீச்சர் துணி டேப்பால் சொன்ன அதே முப்பத்தெட்டு. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

"என்னப்பா சுவத்தையே முறைக்கிற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல."

பலகையை அடித்து முடித்தேன். சொல்லிவிடலாம், சாப்பிட்டபின் சொல்லலாம், காரில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அத்தனை போன்களுக்கு முன்னால் டேப்பைத் தூக்கிக் காட்டியவன் எந்த வாயால் சொல்வது? மூன்று மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். முதல் பரிசுக்கு என் பேத்தியைக் கூப்பிட்டார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தட்டினேன். அந்த இரண்டு நாளில் நான் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். எழுதும்போதே கை கூசுகிறது.

வெளியே வந்தபோது டிரைவர் என்னிடம் நேராக வந்தார். பிள்ளையும் கூட இருந்தாள்.

"பெரியவரே, நேத்து முகம் கொடுத்துப் பேசாம போயிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. உங்க பேத்தி நல்லாத்தான் குதிச்சா."

அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து டேப்பை எடுத்து ஒடிந்த முனையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"இதுல முதல் பத்து கிடையாது. கழிக்கணும். நான் கழிக்கல. உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்."

அவர் முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில."

"காலையில," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

பேத்தி என் பின்னால்தான் நின்றிருந்தாள். அவள் முன்னால் போய்க் கோப்பையை நீட்டினாள். "இந்தா, இது உன்னோடது." டிரைவரின் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். இதுக்கு என்னை மேடையில கூப்பிடவே இல்லையே."

ஓடி வந்த டீச்சரிடம், "அளவும் தப்பு, நான் பேசின பேச்சும் தப்பு," என்றேன்.

"விடுங்க ஐயா, யானைக்கும் அடி சறுக்கும்," என்றாள் அவள். "நாளைக்குக் காலையில பிள்ளைங்க முன்னாடி கூப்பிட்டு அவளுக்கே கொடுத்துடறேன். சரியாப் போயிடும்."

யானை சறுக்கினால் யானை விழும். நான் சறுக்கி ஒரு பிள்ளையின் மேல் விழுந்திருக்கிறேன். நாளைக் காலையில் அவள் அப்பா பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். அவளை மேடையில் பார்க்க யார் இருப்பார்கள்? இதை டீச்சரிடம் கேட்டேன். அவள் பேத்தியின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

காரில் பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில்தான் என் இடம்.

"ஏறுங்க மாமா," என்றார் மருமகன். "நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"அந்தப் பிள்ளையுமா?"

"சின்னப் பிள்ளைதானே மாமா."

"இவளும் சின்னப் பிள்ளைதான். முகத்தைப் பாரு."

அவர் பார்க்கவில்லை. சாவியைத் திருகினார். நான் நடந்தே வருகிறேன் என்று கதவைச் சாத்தினேன். மகள் கண்ணாடியை இறக்கி, "அப்பா, எல்லாம் சரியாயிடும்ப்பா," என்றாள். சரியாகிவிடுமாம். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.