சிறப்பு விருந்தினருக்கு ஒரு பட்டு நிகழ்ச்சிநிரல்

தில்லையம்பலம் பகலில் தபால் பிரிக்கும் வேலை செய்தார். மற்ற நேரமெல்லாம் அரசராக இருந்தார். 1988இல் தானே எழுதி, தானே இயக்கி, தானே அரசனாக நடிக்கும் ‘வேந்தன் வடித்த கண்ணீர்’ நாடகத்துக்காக லண்டன் வெம்பிளியில் ஒரு பள்ளி மண்டபம் எடுத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பட்டுத் துண்டைக் கண்டார். விக்டோரியா மகாராணி காலத்து நாடகமொன்றின் நிகழ்ச்சிநிரல். நடிகர் பெயர்களைப் பட்டிலேயே அச்சடித்து, ஓரத்தில் குஞ்சம் கட்டியிருந்தார்கள். விசேஷ இரவுகளில் பெரிய மனிதர்களுக்கு நினைவாகக் கொடுப்பார்களாம்.

“எங்கடை நாடகத்துக்கும் இது வேணும்,” என்றார் மனைவி செல்வமலரிடம்.

“முதல்ல உங்கடை நாடகத்துக்குச் சனம் வேணும்,” என்றாள் அவள்.

லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் டீ-சர்ட் அச்சடிக்கும் சவிரிமுத்து, சிறப்பு விருந்தினருக்கென ஒரேயொரு நிகழ்ச்சிநிரலைப் பட்டில் அச்சடித்துக் கொடுத்தான். “அண்ணை, மை இன்னும் காயேல்லை.”

“நாடகம் இண்டைக்குப் பின்னேரம். போற வழியில காயும்.”

சிறப்பு விருந்தினர் டாக்டர் பத்ரிநாராயணன், மதுரைக்காரர். வாசலில் செல்வமலர் ஒரு கையில் பட்டுத் துண்டையும் மறுகையில் எண்ணெய் வடியும் வடைத் தட்டையும் நீட்டினாள். டாக்டர் மூன்று வடை தின்றார். பிறகு பட்டுத் துண்டால் வாய், மீசை, நெற்றி எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தார்.

“கை துடைக்கக்கூடப் பட்டா! பிரமாதம்மா,” என்றபடி மேடையேறினார்.

நெற்றியில் ‘கதை, வசனம்’ இடவலம் மாறி ஒட்டியிருந்தது. கன்னத்தில் பாதித் தில்லையம்பலம். மண்டபம் வெடித்துச் சிரித்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பிய டாக்டர் பேச்சை நீட்டிக்கொண்டே போனார்.

உள்ளே மீசை ஒட்டிக்கொண்டிருந்த தில்லையம்பலம் பொருமினார். “சோக நாடகத்துக்கு முன்னாலை ஏன் இந்தாள் பகிடி விடுறார்?”

காரணம் கடைசிக் காட்சியில்தான் தெரிந்தது. மடியும் அரசன் தலையைச் சாய்த்தபோது, முன்வரிசையில் டாக்டரின் கன்னத்திலிருந்து தன் பெயரே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிணத்தின் வயிறு குலுங்கியது. பிறகு பிணம் எழுந்து உட்கார்ந்தே சிரித்தது.

மறுநாள் காலை டாக்டர் போன் செய்தார். “என்ன மைய்யா அது? தேங்காயெண்ணெய் போட்டும் உங்க பேரு போக மாட்டேங்குது. நான் எப்படி நோயாளியைப் பாக்கறது?”

தில்லையம்பலம் நிறைய மன்னிப்புக் கேட்டார்.

“அது கிடக்கட்டும். பேச்சு எப்படி இருந்துச்சு?” என்றார் டாக்டர்.

“அப்பிடியொரு பேச்சை நான் கேட்டதேயில்லை, டொக்டர்.”

“அப்படியா! அடுத்த நாடகம் எப்போ?”

முதல்நாள் விழுந்து விழுந்து சிரித்த, லண்டனின் சட்டன் (Sutton) பகுதித் தமிழ்ச் சங்கத்தார் அன்று காலைதான் கேட்டிருந்தார்கள்: அதே நாடகம், அதே டாக்டர். தில்லையம்பலம் தேதியைச் சொன்னார்.