பூட்டிய பள்ளியும் பெருகிய ஆறும்

கூதிர்க்காலத்து வானம் விடியல் தொட்டே கறுத்துக் கவிந்து, மயிலைக் கோபுரத்தின் உச்சியும் தெரியாவண்ணம் தாழ இறங்கி, தியாகராயநகரின் துணிக்கடை மாடங்களையும் நகைக்கடை விளக்குகளையும் ஒருங்கே நனைத்து, மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் கணுக்காலளவும் வேளச்சேரி அடுக்ககங்களின் வாயிலில் முழங்காலளவும் நீரை நிறுத்திவிட்டு, இன்னும் கொட்டித் தீராச் சினத்தோடு நின்ற ஒரு பிற்பகல் அது. அடையாறோ ஏரிகளின் மதகு திறந்த செய்தியைத் தானே சுமந்து, கலங்கிச் சிவந்து, கரையோரப் புதர்களை விழுங்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடிற்று. மழையைப் பாடிய தமிழ் நம்மிடம் நிறைய உண்டு, கற்றறிந்தவரே. அன்றைய மழையைக் கண்டிருந்தால் எந்தப் புலவருக்கும் பாட்டு வந்திராது, அச்சம்தான் வந்திருக்கும்.

ஆற்றின் தென்பால், கோட்டூர்புரத்தின் தாழ்ந்த தெரு ஒன்றில், மாடியில்லாப் பெண்கள் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைமையாசிரியை ஸ்வர்ணலதா, நெல்லைச் சீமையிலிருந்து வந்து தியாகராயநகரில் துணி வாணிகம் செய்த குடும்பத்தில் பிறந்து, கல்லாவில் அமர மறுத்துக் கற்பிக்க வந்தவர். பெயரில் வடவெழுத்து நிற்கிறதே என்று முகஞ்சுளிக்க வேண்டா. பெற்றவர் வைத்த பெயரில் கைவைக்க நாம் யார்? அவர் கொடியவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். அஞ்சியவர், அவ்வளவே. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்தபோது, கல்வி அலுவலர் சந்திரமௌலி நிறைந்த அவையில் அவரை எழுப்பி நிறுத்தி, கூட்டம் முடியும்வரை உட்காரச் சொல்லவே இல்லை. அந்த நிற்றலை அவர் மறக்கவில்லை.

ஆகையால் இவ்வாண்டு, தேறமாட்டார் என்று ஐயுற்ற மாணவியரை மெல்லக் கற்போர் என்று பெயரிட்டுப் பிரித்தெடுத்து, மணியடித்த பின்னரும் சிறப்பு வகுப்பில் அமர்த்திவைத்தார். பசித்த பெண்கள் பின்புறத்துக் குட்டைச்சுவர் ஏறி வீட்டுக்கு ஓடினர். விடுவாரா? மேட்டிலிருந்த பின்தெருவில் தாமே ஒளிந்து நின்று, தோழியர் அழைப்பதுபோல் குரல் கொடுத்து, சுவரேறி வந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். "இனிமே இந்தச் சுவத்துல கால வச்சவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. வெளியில போய்த் தனியா எழுதிக்கோங்க" என்று அனைவர் முன்னும் அறிவித்தார். அன்றுமுதல் ஒருத்தியும் ஓடவில்லை. தம் கண்டிப்பின் வெற்றி என்று அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

மழை பெய்த அந்நாளில் நண்பகலில் பள்ளிகளை மூடுமாறு ஆணை வந்தது. ஏனையோர் வீடு சென்றனர். மெல்லக் கற்போர் மட்டும் நிறுத்தப்பட்டனர். விடுமுறை நாளில் வகுப்பு நடத்தல் ஆணைக்கு மாறு என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் மழை பாராது அன்று பிற்பகலே மீளாய்வுக் கூட்டம் உண்டு. அங்கே நின்று, "இன்றும் கற்பிக்கிறோம்" என்று சொல்லாவிடினும், அந்த நினைவாவது தம் முதுகை நிமிர்த்தும் என்று எண்ணினார். மதுவந்தி என்னும் ஆசிரியை, வேளச்சேரியில் தன் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு விரைவில் திரும்புவதாகச் சொல்லி, முன்வாயிற்பூட்டின் மற்றொரு திறவுகோலோடு போயிருந்தாள். அவள் வரும்வரை லாவண்யா என்னும் மாணவி மற்றவரைப் பார்த்துக்கொள்வாள் என்று முடிவுசெய்து, தெருவில் போவோருக்குப் பள்ளி மூடியதாய்த் தோன்றவும் உள்ளிருப்போர் வெளியேறாதிருக்கவும் ஒருசேர வழிசெய்து, முன்வாயிலை வெளியே பூட்டிவிட்டுப் புறப்பட்டார் அந்த அறிவுள்ள அம்மையார்.

கூட்டம் தியாகராயநகரில், சாளரமெல்லாம் அடைத்த ஓர் அறையில் நடந்தது. மாணவர் வெற்றிக்காகத் தம் கல்வி மாவட்டம் எவற்றை முதன்மையாகக் கொண்டிருக்கிறது என்பதைச் சந்திரமௌலி கணீரென்ற குரலில் எடுத்துரைத்தார். வருகை குறையாமை, தடையின்றி வாசித்தல், முழுத் தேர்ச்சி, இறுதியில் மாணவர் நலனும் காப்பும். காப்பைப் பற்றிச் சொல்லும்போது, "நேரம் இல்லை, படிச்சுக்குங்க" என்று கடந்து, தேர்ச்சிக்கே திரும்பினார். பாவம், அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். தம் கைப்பேசி ஒளிரும்போதெல்லாம் சந்திரமௌலியின் குரல் சற்றே இறங்கியதை முன்வரிசையில் இருந்தோர் கண்டனர்.

அப்போது ஸ்வர்ணலதாவின் மடியிலிருந்த கைப்பேசியில் மதுவந்தியின் செய்தி ஒளிர்ந்தது. "மேடம், வேளச்சேரி முழுக்கத் தண்ணி. ரயிலும் நின்னுடுத்து. என்னால திரும்பி வர முடியல. குழந்தைகளை அவாவா ஆத்துக்கு அனுப்பிட்டேள் இல்லையா?"

படித்தவுடன் பூட்டிய வாயிலும், தாழ்ந்த தெருவும், பெருகும் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாய் நினைவில் ஏறின. எழுந்து நின்றார்.

"ஐயா, நான் கொஞ்சம் கிளம்பணும்."

"உங்க பள்ளி முறை இன்னும் வரல. உட்காருங்க."

உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தேவிட்டார்! சொன்னால் ஆணையை மீறியது வெளிப்படும். சொல்லாவிட்டால் என்னாகும் என்பதை அவர் நினைக்கவும் துணியவில்லை. வேறு பள்ளிகளின் தேர்ச்சி பற்றிய உரை அவர் காதில் விழவேயில்லை. கூரையில் மழை அறைந்த ஓசை மட்டுமே கேட்டது. ஒரு பெண்ணின் முகத்தைக்கூட நினைவில் நிறுத்த இயலாமல் தவித்தார். இறுதியில் அவர் பள்ளியின் முறை வந்தது.

"மெல்லக் கற்கிறவங்களுக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று வினவினார் அலுவலர்.

"பூட்டி வச்சிருக்கேன், ஐயா" என்றார் ஸ்வர்ணலதா. குரல் அவருடையதாகவே இல்லை. "பசங்க உள்ள இருக்காங்க. யாருமில்ல கூட. சாவி என்கிட்ட இருக்கு. ஆத்துத் தண்ணி வந்திருக்கும்."

சந்திரமௌலியின் முகம் வெளுத்தது. அது குழந்தைகளை எண்ணியோ தம் பதவியை எண்ணியோ, நாம் அறியோம். "போங்கம்மா, முதல்ல போங்க" என்றவர், மீட்புப் படைக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தார்.

தெருவில் நின்ற மூவுருளித் தானிகளின் ஓட்டுநரெல்லாம் கோட்டூர்புரம் என்றதும் தலையை ஆட்டி மறுத்தனர். குலாம் ரசூல் என்னும் ஓட்டுநர் ஒருவரே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜு தாண்ட வுடுவாங்களோ இன்னமோ. குந்துங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார். நந்தனத்து நீரைக் கிழித்துக்கொண்டு, தடுப்பு வைக்க வந்த காவலரிடம் கைகூப்பிக் கெஞ்சிப் பாலத்தைக் கடந்தபோது, கீழே ஆறு தூண்களில் மோதிய ஓசை தானியின் உள்ளேயும் அதிர்ந்தது. ஸ்வர்ணலதா கண்களை மூடிக்கொண்டார்.

"முன்தெரு ஃபுல்லா தண்ணி இஸ்துகினு போவுது மேடம். பின்னாடி தெரு மேடு. அங்க வுட்றேன்" என்றார் குலாம் ரசூல்.

பின்தெருவில் நீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. ஸ்வர்ணலதா ஓடிச்சென்று சுவரை எட்டிப்பார்த்தார். உள்ளே முற்றம் குளமாகிக் கிடந்தது. வகுப்பறைத் தாழ்வாரத்தில் இழுத்துப்போட்ட இருக்கைப் பலகைகளின் மேல் பெண்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றனர். அப்பலகைகளும் மூழ்கி, உயரம் குறைந்த ஜோயா என்பவளின் தொடையளவு நீர் ஏறியிருந்தது. அவளை லாவண்யா இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தாள். தாழ்வாரத்தின் கோடியோ குட்டைச்சுவரை ஒட்டியே முடிந்தது. பற்றிக்கொண்டு நடந்திருந்தால் எப்போதோ அத்தனைபேரும் வெளியேறியிருக்கலாம்.

தலைமையாசிரியையின் முகம் கண்டதும் லாவண்யா உரக்கச் சொன்னாள்: "மிஸ், யாரும் ஓடல மிஸ்! எல்லாரும் இங்கதான் கீறோம்!"

"ஐயோ, ஏறி வாங்கடி! சுவத்தப் புடிச்சு ஏறி வாங்க!"

ஒருத்தியும் அசையவில்லை.

"ஏன்டி நிக்கிறீங்க? தண்ணி ஏறுது, வாங்கடி!"

"மாட்டோம் மிஸ்" என்றாள் ஒருத்தி, பற்கள் கிட்டித்த குரலில். "போன தபா இப்டிதான் அங்கேர்ந்து கூப்ட்டு, ஏறுனவங்கள புடிச்சீங்க."

"ஹால் டிக்கெட் குடுக்க மாட்டேன்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள் மற்றொருத்தி.

கற்றறிந்தவரே, அந்தக் கணத்தில் ஸ்வர்ணலதா அஞ்சியதுபோல் அதற்கு முன் எதற்கும் அஞ்சியதில்லை. நீரைக் கண்ட அச்சம் வேறு, இது வேறு. கையிலிருந்த திறவுகோலை எங்கோ எறிந்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, உள்ளங்கை கிழியச் சுவரேறி, உள்ளே குதித்தார். சேற்றுநீர் இடுப்பை அறைந்தது. கால் தடுமாறித் தடுமாறி நடந்து பலகைகளை அடைந்து, ஜோயாவை வாரி அணைத்தார். குழந்தையின் உடல் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது.

"போலாம் கண்ணு. வா."

ஜோயா அவர் முகத்தையே பார்த்தாள். "ஹால் டிக்கெட் நெசமாவே குடுப்பீங்களா மிஸ்?"

"குடுப்பேன்டி தங்கம்."

"சத்தியமா?"

மிஸ் அழுதுகொண்டே அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதன் பிறகே பெண்கள் பலகையை விட்டு இறங்கினர். சுவரின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, குலாம் ரசூல் ஒவ்வொருத்தியாய்க் கைகொடுத்து இழுத்து, மேட்டில் சேர்த்தார். லாவண்யா கடைசியில் ஏறினாள். அவளுக்குப் பின் ஸ்வர்ணலதா ஏறினார். அந்தி சாய்வதற்குள் தாழ்வாரத்துத் தூண்கள் பாதிவரை நீரில் மூழ்கின.

ஒருவர்க்கும் உயிர்க்கேடு இல்லை. நிகழ்ந்ததை ஸ்வர்ணலதா மறைக்காமல் மேலிடத்தில் உரைத்து, பணிநீக்கம் வரினும் வருக என்று காத்திருந்தார். அந்தத் தண்டம் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. இரவுகளில் அவரை எழுப்பி உட்காரவைத்தது வேறொன்று. தேறமாட்டார் என்று அவர் ஒதுக்கி வைத்த பெண்கள், எதைச் சொன்னாலும் ஏறாது என்று அவர் சலித்துக்கொண்ட அந்த மெல்லக் கற்போர், அவர் கற்பித்தவற்றுள் அச்சம் என்ற ஒன்றை மட்டும் எவ்வளவு விரைவாக, எவ்வளவு பிழையறக் கற்றிருந்தார்கள்!