மாற்றி மாற்றி நூறு

வெள்ளைப் பலகையில் நானே எழுதிய வரி எனக்கே புரியவில்லை.

“லஞ்சஸ் நூறு, மாற்றி மாற்றி.”

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது புரிந்துதான் இருந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து செய்ய வேண்டும். துடுப்பு மெஷினில் ஒரு கிலோமீட்டர். அடுத்து லஞ்சஸ், அதாவது ஒரு காலை முன்னால் வைத்து முட்டி தரையைத் தொட இறங்கி எழுவது. கடைசியில் ஐம்பது பர்ப்பி, தரையில் விழுந்து படுத்து எழுந்து குதிப்பது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

எழுதினவரே செய்தும் காட்ட வேண்டும் என்பது ஜிம் ஓனரின் சட்டம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். இந்தச் சோதனை வகுப்பில் தேறினால் காலை ஆறு மணி வகுப்பு எனக்கு. மூன்று வருடமாக மதிய வேளைகளில் எடைத் தட்டுகளைத் துடைத்து அடுக்கியவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஓர் ஆள் குறைந்ததால் எனக்கு ஜோடியாக வீட்டுக்காரரையே இழுத்து வந்தேன். வகுப்பு கிடைத்தால் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பாப்பாவைக் காலையில் யார் கிளப்புவது என்று கேட்டபோது, “அதுக்கென்ன, மாத்தி மாத்தி பாத்துக்கலாம்” என்று வாக்குக் கொடுத்திருந்தவர் அவர்.

மணி அடித்தது. துடுப்பு வரை வம்பில்லை. லஞ்சஸ் வந்ததும் அறை மூன்றாகப் பிரிந்தது. பல் டாக்டரும் அவர் தங்கையும் ஆளுக்குப் பத்தாக மாற்றிக்கொண்டார்கள். தபால்காரரும் அவர் ஜோடியும் வலது, இடது என்று காலை மாற்றி ஆளுக்கு நூறு. லாரி ஓட்டும் அக்கா வலது காலிலேயே எழுபதைத் தாண்டியிருந்தார்.

“டீச்சர், எப்ப காலை மாத்தறது?”

நான் மாற்றச் சொன்னது ஆளையா, காலையா? சத்தியமாக நினைவில்லை. யோசிக்க மூளையில் ரத்தம் இல்லை, எல்லாம் தொடைக்குப் போயிருந்தது.

“உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி செய்ங்கக்கா,” என்று உளறினேன்.

அறுபதில் என் கால்கள் வெடவெடத்தன. வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்களேன்!”

“நீ முடி. மாத்தி மாத்திதானே? நீ நூறு, அப்புறம் நான் நூறு.”

நான் முடித்ததும் வந்தார். பன்னிரண்டாவதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு, “டைம் போகுது, நீ பர்ப்பிக்குப் போ” என்றார். போனேன். ஐம்பதையும் நானே விழுந்து எழுந்து முடித்தபோது பத்து விநாடி மிச்சம்.

தரையில் கிடந்தேன். ஸ்டாப்வாட்ச் குனிந்து பார்த்தார்.

“ஆளுக்கொரு மாதிரி செஞ்சாங்க. ஆனா ஒருத்தர்கூட பாதியில விட்டுட்டுப் போகல. திங்கக்கெழமையிலிருந்து தினமும் ஆறு மணி வகுப்பு உங்களுக்கு. எழுதறதை மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க.”

சந்தோஷத்தில் கண் கலங்கியது. பக்கத்தில் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது.

“தினமுமா? மாத்தி மாத்தின்னுதானே பேச்சு? ஒரு நாள் நீ பாப்பாவைப் பாத்துக்குவே, ஒரு நாள் நான்னு நெனச்சேன்.”

வந்த கோபத்தில் கால் வலிகூட மறந்தது. எழுந்து பலகையைத் துடைத்தேன். இந்த முறை நிதானமாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி எழுதினேன்.

“பாப்பா. காலை: நீங்கள். மாலை: நான்.”

வீட்டுக்காரர் கிட்ட வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“எத்தனை ரவுண்டு?”

“அவ பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும்,” என்றேன்.