தேயிலைப் பெட்டியின் மூடி

ஹேச்சு மூடுவதில் சிலுவைமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு இருந்தது. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு இறங்கும் பெரிய வாய்தான் ஹேச்சு. கோதுமை மூட்டை பாதி இறங்கியிருக்கும்போது வானம் கறுத்துவிட்டால் மேஸ்திரி பதறிப்போய், "டேய், சிலுவைய கூப்டுங்கடா!" என்று கத்துவார். இவர் தோளில் மூட்டைக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிதானமாக வருவார். பலகையை அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்து, சுற்றிலும் ஆப்பு வைத்து அறைந்துவிட்டால், புயலே அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. முப்பது வருஷம் இதையே செய்த மனுஷருக்கு, எதையும் இறுக்கி மூடிவிட்டால் பத்திரம் என்று ஊறிப்போயிருந்தது. அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? அவருக்குச் சோறு போட்டதே அதுதான்.

மகள் ஃப்ளோராவுக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை பார்த்தார். திருவொற்றியூரில் கம்பெனி வேலை, ஓட்டு வீடு, குனிந்த தலை நிமிராத பையன், பெயர் பாஸ்கல். வேறென்ன வேண்டும்? பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், அதுதான் இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நைனா எல்லாம் பாத்துக்குவேன், நீ சும்மா இரு" என்று முடித்துவிட்டார். ராயபுரம் கோயிலில் தாலி கட்டி அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஐப்பசியில், மழைக்கு முன்னால், ஒரு துணி மூட்டையோடு ஃப்ளோரா திரும்பி வந்து நின்றாள்.

"வேலைக்குப் போறப்போ வெளிய பூட்டிக்கினு போய்ட்றான் நைனா. நைட் ஷிப்டு வந்தாலும் பூட்டுதான். கேட்டா அடிக்கிறான். எனக்கு மூச்சு முட்டுது."

சிலுவைமுத்து அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். "உள்ள போய் சாப்டு, போ" என்றார். அவர் சம்சாரம் அடைக்கலமேரி அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

நாலு நாள் போனது. அக்கம்பக்கம் வாய் திறந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று குழாயடியில் அதே பேச்சு. ஃப்ளோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மாதவரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், அட்டைப் பெட்டியில் இரண்டு டஜன் கோழிக்குஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டையிலிருந்து வெளியே வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தாய்க்கோழி கிடையாது.

"வளத்து முட்டை விக்கப் போறேன் நைனா. என் சோத்த நானே பாத்துக்கினா, அப்புறம் யாரும் என்னைப் போன்னு சொல்ல முடியாது, இல்ல?"

அந்த 'இல்ல?'வில் ஒரு கெஞ்சல் இருந்தது. சிலுவைமுத்து எழுந்து, பழைய துணி போட்டு வைத்திருந்த தேயிலைப் பெட்டியைக் காலி செய்தார். ஓரமெல்லாம் தகரம் அடித்த கெட்டியான பலகைப் பெட்டி. மன்னிப்பு என்ற வார்த்தை வராத மனுஷருக்குச் சுத்தியல் வந்தது.

அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து அன்றைக்கு முழுக்க வேலை செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் இவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடியில் பழைய பேப்பர், அதன்மேல் உமி. நசுங்கிய பிஸ்கட் டின்னை வெட்டிக் குடைபோல வளைத்து, அதற்குள் பல்பைத் தொங்கவிட்டார். குஞ்சு விழுந்து சாகாமலிருக்க, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள் ஃப்ளோரா. பண்ணைக்காரர் சொன்னதையெல்லாம் அவள் மறக்காமல் வைத்திருந்தாள்.

"எல்லாம் பல்புக்குக் கீழ ஒட்டிக்கினு நின்னா குளிருதுன்னு அர்த்தம் நைனா. ஓரமா ஓடிப்போச்சுன்னா சூடு ஜாஸ்தி. அதுங்க நிக்கிறதப் பாத்து ஒயர ஏத்தி எறக்கணும்."

"அட, குஞ்சே சொல்லுது பாரேன்!" என்று சிரித்தார் சிலுவைமுத்து.

பெட்டிக்கு மூடி அடிக்கப் போனபோதுதான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "மூடி வேணாம். காத்து வரணும்." ஓட்டை விழுந்த சோற்று அலமாரியின் கம்பி வலையைப் பிரித்து மேலே போட்டாள். காக்காவும் பூனையும் வராது, மூச்சும் முட்டாது. அவருக்கு அது அரைகுறை வேலையாகத்தான் பட்டது. சரி, குழந்தை ஆசைப்படுகிறது என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரம் வீடே கீச்கீச்சென்றிருந்தது. ஃப்ளோரா முகத்தில் ரத்தம் ஊறியது. வேலை விட்டு வரும் சிலுவைமுத்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் குந்திவிடுவார். "இன்னாயா, எனக்கு ஒரு டீத்தண்ணி போடச் சொன்னா போட மாட்ட, இதுங்களுக்கு மட்டும் தண்ணி மாத்துற" என்று அடைக்கலமேரி கேலி செய்வாள்.

பிறகு மழை வந்தது. சாயங்காலம் அம்மாவும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகும்போல அடித்தது, சாரல் உள்ளே தெறித்தது, கரன்ட் போய்விட்டது. குஞ்செல்லாம் அணைந்த பல்புக்குக் கீழே குவிந்து நடுங்கின. சிலுவைமுத்துவுக்குக் கை பரபரத்தது. மழை, சரக்கு, திறந்த வாய்! இதற்கு என்ன செய்ய வேண்டுமென்று அவரிடமா கேட்க வேண்டும்? சின்னச் சிம்னி விளக்கை ஏற்றி, நெருப்புப் பிடிக்காமலிருக்க ஒரு பழைய பால் டின்னுக்குள் வைத்துப் பெட்டியின் மூலையில் இறக்கினார். நெருப்பை நினைத்த மனுஷருக்குப் புகையை நினைக்கத் தெரியவில்லை. வலைமேல் பலகை, பலகைமேல் தார்ப்பாய்த் துண்டு, சுற்றிலும் கயிறு, இடுக்கில் ஆப்பு. தட்டிப் பார்த்தார். கிண்ணென்றிருந்தது.

நனைந்துகொண்டு வந்த ஃப்ளோரா பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நைனா, கொஞ்சம் தொறந்து வை. உள்ள விளக்கு வேற கீது. மூச்சு முட்டும்."

"முப்பது வருஷமா மூடறேன். எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்ல நைனா, அதுங்களுக்கு..."

"நான் பாத்துக்குவேன்னு சொல்றேன் இல்ல? நீ தொட்டேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா."

அவள் கை பாதி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஐயோ, அந்தக் கையை அன்றைக்கு அவர் பார்த்திருக்கக் கூடாதா! புருஷன் வீட்டில் ஒரு வருஷம் பழகின கை அது, சொன்னால் அடங்கிவிடும். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. ஆப்பைத் தட்டிக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. உமி காய்ந்து மொறமொறவென்றிருந்தது. விளக்கு தானாக அணைந்து, புகை முட்டிக் கிடந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பலகை இடுக்குக்கு நேராகக் கிடந்த மூன்றுதான் மூக்கைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தன.

ஃப்ளோரா சத்தம் போடவில்லை. 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும். மூன்றையும் முந்தானைக்குள் வைத்துச் சூடு காட்டினாள். மீதியை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கல் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பழப் பை, பக்கத்தில் பேச்சுக்கு ஒரு சித்தப்பா. இனிமேல் ஒழுங்காக இருப்பான், பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் வாயில் விழாதீர்கள் என்றார் சித்தப்பா. ஃப்ளோரா கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். சிலுவைமுத்து மூன்றே குஞ்சு மிஞ்சிய தேயிலைப் பெட்டியைப் பார்த்தார். குஞ்சைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் பெண்ணை எங்கே காப்பாற்றப் போகிறேன் என்று உள்ளே ஒன்று குடைந்தது. அவள் வாயெடுப்பதற்கு முன்னால், "கூட்டிக்கினு போ தம்பி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அடைக்கலமேரி அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதன்பின் இரண்டு தடவை, வேலை முடிந்து பஸ் ஏறித் திருவொற்றியூர் போனார். இரண்டு தடவையும் கதவில் பூட்டுத் தொங்கியது. ஃப்ளோரா ஜன்னலுக்கு வந்தாள். பூட்டைப் பார்க்காதவர்போல மழையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினார். கேட்டுவிட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான், வேறென்ன.

மூன்றாம் தடவை, வேலை விட்டுத் தோளில் கொக்கியோடே போனபோது அவள் கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. அவர் கண் அங்கே போனதும் ஃப்ளோரா முந்திக்கொண்டாள்.

"குஞ்சுங்க எப்டி கீது நைனா?"

"மூணும் ஜோரா கீதும்மா. றெக்க மொளச்சிடுச்சி."

"பொட்டிய மூடறியா?"

"சேச்சே, தொறந்துதான் வெச்சிருக்கேன். மூச்சு முட்டும் இல்ல?"

சொன்ன வாய் அப்படியே நின்றது. கை எட்டும் தூரத்தில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று கோழிக்குஞ்சுக்காகத் தெரிந்துகொண்டதைப் பெற்ற பெண்ணுக்காகத் தெரிந்துகொள்ளவில்லையே, பாவி! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஃப்ளோரா... நீ இன்னா சொல்றம்மா? வூட்டுக்கு வரியா?"

பிறந்ததிலிருந்து அவளுடைய விருப்பத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கண் நிறைந்தது. குனிந்து, ஜன்னலுக்குக் கீழிருந்த துணி மூட்டையை எடுத்துக் கம்பிக்கு நடுவே ஒவ்வொரு முனையாக நுழைத்து வெளியே தள்ளினாள்.

ஐப்பசியில் கொண்டுவந்த அதே மூட்டை. முடிச்சின்மேல் தூசி படிந்திருந்தது.

"எப்பமா கட்டின இத்த?"

"அவன் கூட்டியாந்த அன்னிக்கே, நைனா. நீ மொத தடவ வந்தப்பவே இங்கதான் இருந்துச்சி. நீ கேப்பேன்னு பாத்தேன்."

சிலுவைமுத்து மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, தோளிலிருந்து கொக்கியை எடுத்துப் பூட்டுக்குள் மாட்டினார். கண்ணீர் மறைத்ததால் முதல் இழுப்பு வழுக்கிவிட்டது.